எந்த அக்கபெல்லா குழுவில் சேர்வது? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் வாத்தியமே இல்லாமல் வாயாலேயே மொத்தப் பாட்டையும் பாடும் அக்கபெல்லா மாணவர் குழுக்களைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதியிருந்தேன். நானும் அங்கே படித்தபோது அப்படி ஒரு குழுவில் மூன்று வருடம் பாடியவள்தான் என்று வேறு வாயை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மாமியார் பிரச்சினை, முடி கொட்டும் பிரச்சினை எல்லாம் அடுத்த இதழில், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் சென்னைப் பெண். ஆகஸ்டில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேரப் போகிறேன். எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். அங்கே பத்துப் பன்னிரண்டு அக்கபெல்லா குழுக்கள் இருக்கின்றனவாம். எல்லார் வீடியோவும் பார்த்துவிட்டேன், எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. எதில் சேர்வது? சங்கீதம் கற்றது உதவுமா, இடைஞ்சலா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நீ குழுவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் குழு உன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ஆடிஷன் முடிந்துவிடும். பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டாய், அதற்குள் யாராவது வந்து கையில் நோட்டீஸ் திணிப்பார்கள். அதனால் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்து ஒரே ஒரு குழுவை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. உன் குரலுக்கு இடம் இருக்கிற எல்லாக் குழுவுக்கும் ஆடிஷன் கொடு. ஒவ்வொன்றும் பத்து நிமிஷ வேலை.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு பாட்டில் ஒரு சரணமும் பல்லவியும் பாடச் சொல்வார்கள். பியானோவில் படிப்படியாக மேலே போய், எங்கே உன் குரல் நிற்கிறது என்று பார்ப்பார்கள், அதேபோல் கீழேயும். நாலைந்து ஸ்வரம் வாசித்துவிட்டுத் திருப்பிப் பாடு என்பார்கள். சில இடங்களில் கைதட்டித் தாளம் கேட்பார்கள், சில இடங்களில் மேற்கத்திய நொட்டேஷன் படிக்கச் சொல்வார்கள். இதில் பிடித்திருந்தால் கால்பேக் என்று இரண்டாவது முறை கூப்பிடுவார்கள். ஒரு பாட்டின் துண்டை அங்கேயே சொல்லிக்கொடுத்து, அவர்களோடு நிற்க வைத்துப் பாட வைப்பார்கள்.

அந்தக் கால்பேக்கில் அவர்கள் உன்னைக் கேட்பதைவிட நீ அவர்களைக் கேட்பதுதான் முக்கியம் என்பேன். வீடியோவில் தெரியாதது எல்லாம் அங்கே தெரியும். ஆல்பமும் வீடியோவும் ஸ்டூடியோவில் தனித்தனியாகப் பாடி, சுருதியைக் கணினியில் சரிசெய்து, அடுக்கி அடுக்கிச் செய்வது, அதை வைத்து ஒரு குழுவை எடைபோடுவது கல்யாண ஆல்பத்தை வைத்து மாப்பிள்ளையை எடைபோடுவது மாதிரி. நேரில் கேள். பிரின்ஸ்டனில் குழுக்கள் ராத்திரியில் கட்டட வளைவுகளுக்கு அடியில் நின்று சும்மா பாடுவார்கள், கல் வளைவு என்பதால் குரல் திரும்பி வந்து சூழ்ந்துகொள்ளும், மைக் கிடையாது, மறைக்க இடமும் கிடையாது. உன் கல்லூரியிலும் இப்படி ஏதாவது இருக்கும்.

ஒத்திகை அறையில் என்ன பார்ப்பது? யாராவது தப்பாகப் பாடினால் மியூசிக் டைரக்டர் அதை எப்படிச் சொல்கிறார் என்று பார். அவரும் இருபது வயதுப் பிள்ளைதான், கையில் அதிகாரம் கிடைத்த இருபது வயதுப் பிள்ளை, ஞாபகம் வைத்துக்கொள். இடைவேளையில் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, எல்லாரும் போனைப் பார்க்கிறார்களா என்று பார். நான் ஐந்து குழுவுக்குப் போனேன். நான் உயிரை விட்ட குழு கால்பேக் வரை கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றுவிட்டது. இன்னொரு குழுவில் பேஸ் என்ற அடிக்குரல் பாடிய பையன் பாதியில் வரியை மறந்துவிட்டான், டைரக்டர் பெண் நிறுத்தாமல் தன் உச்சக் குரலிலேயே அவன் வரியைப் பாடிக் காட்ட, பதின்மூன்று பேரும் சிரித்து உருண்டார்கள். சிரித்து முடித்ததும் அதே இடத்திலிருந்து சுத்தமாக மறுபடி எடுத்தார்கள். எனக்கு அந்த நிமிஷமே போதும் என்று தோன்றிவிட்டது. எந்தப் போட்டியிலும் ஜெயிக்காத குழு அது.

சரி, உன் சங்கீதத்துக்கு வருகிறேன். காதால் கேட்டுப் பாடம் பண்ணுவது, நினைவில் வைத்துக்கொள்வது, லயம், இதிலெல்லாம் நீ மற்ற புதுப் பிள்ளைகளைவிட நாலு படி மேலே இருப்பாய். இடைஞ்சல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. எனக்கு முதல் செமஸ்டர் முழுக்க "நீ ஏன் ஆடுகிறாய்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் அசையாமல்தானே நிற்கிறேன் என்று எனக்குப் புரியவே இல்லை, பதிவு பண்ணிக் கேட்டபோதுதான் காந்தாரத்தில் என்னை அறியாமல் ஒரு கம்பிதம் விழுகிறது என்று தெரிந்தது. நாலு பேர் ஒரே வரியைப் பாடும்போது ஒருத்தி ஆட்டினால் மொத்தமும் கலங்கிவிடும்.

இன்னொன்று சுருதி. நமக்குத் தம்பூரா பின்னால் ஓடும், ஸட்ஜம் அசையாது, எல்லா ஸ்வரத்தையும் அதை வைத்தே அளப்போம். அங்கே தம்பூரா இல்லை. பிட்ச் பைப் என்று வட்டமாக ஒரு சின்ன ஊதுகருவி, ஆரம்பத்தில் ஒரு ஸ்வரம் ஊதுவார்கள், அவ்வளவுதான். அப்புறம் நீ பிடித்திருக்கும் அதே ஸ்வரம் ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பஞ்சமமாக நிற்கும், அடுத்த கார்டில் காந்தாரமாகிவிடும், அதற்குத் தக்கபடி மயிரிழை ஏற்றி இறக்க வேண்டும். பாட்டு முடிவதற்குள் மொத்தக் குழுவும் அரை ஸ்வரம் கீழே இறங்கியிருப்பது சாதாரணம். அந்த நேரத்தில் ஆரம்ப சுருதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நீ மட்டும் மேலே நின்றால், அபஸ்வரம் நீதான். எட்டு வருடம் சுருதி சுத்தத்துக்கு அடி வாங்கியவளுக்கு இது எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆடிஷனில் வர்ணம் பாடாதே. அவர்கள் பாடும் வகையில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடு, இன்னொன்று பாடு என்றால் அப்போது ஒரு ராகத்தை இரண்டு கீற்று காட்டு. ஆல்ட்டோவில், அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசையில், போட்டால் வருத்தப்படாதே, ஐந்து கட்டையில் நெஞ்சுக் குரலிலேயே பாடிப் பழகிய என்னையும் அங்கேதான் போட்டார்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நேரம் நீ பாடப் போவது வார்த்தையே இல்லை. டூ, டா, ஜென், டம், இவைதான். சோலோ வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் குழுவுக்குள்ளேயே போட்டி வைத்துத்தான் கொடுப்பார்கள். மூன்று நிமிஷம் "டூ" பாடுவதில் சந்தோஷம் கிடைக்காதென்றால், வேறு சங்கம் பார்த்துக்கொள்வது நல்லது. எனக்குக் கிடைத்தது. என் ஒரு "டூ" இல்லாவிட்டால் கார்டு நொண்டியாகிவிடும் என்ற திமிர் இருக்கிறதே, கச்சேரி மேடையில்கூட எனக்கு அது வந்ததில்லை.

கேள்வி: இந்தக் குழுக்களுக்கெல்லாம் ஏன் இவ்வளவு கிறுக்குத்தனமான பெயர்கள்?

பரம்பரை வியாதி. இந்த வகையில் மிகப் பழைய குழு யேல் பல்கலைக்கழகத்தின் விஃபன்பூஃப்ஸ், 1909-ல் தொடங்கியது. அந்தப் பெயர் அந்தக் காலத்து மேடை நாடகம் ஒன்றில் வந்த கற்பனை மீனின் பெயர். 1914-ல் அதே யேலில் ஸ்பிஸ்விங்க்ஸ் வந்தது, அவர்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியையும் சேர்த்தே எழுதுவார்கள். பெரியவர்களே இப்படி ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

விஃபன்பூஃப்ஸைப் பற்றி இன்னொன்று, அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் வருடத்தில் சேர முடியாது. மேல் வகுப்பு மாணவர்கள் பதினான்கு பேர் ஒரே ஒரு வருடம் பாடிவிட்டு இடத்தை அடுத்த பதினான்கு பேருக்கு விட்டுவிடுவார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆண்கள் மட்டும்தான், 2018-ல்தான் முதல் பெண் உள்ளே வந்தார். உலகம் சுற்றிப் பாட வேண்டும் என்பதற்காகப் படிப்பில் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டவர்களும் அங்கே உண்டு. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த விடுப்பு விளையாட்டு விஷயம் இல்லை, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் தலையாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு குழு என்னைக் கேட்கிறது. ஒன்று போட்டிகளில் தேசிய அளவில் பெயர் வாங்கியது. இன்னொன்று தெற்காசியக் குழு, ஹிந்தி, தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்து பாடுவார்கள். இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். நண்பர்கள் எல்லாரும் முதல் குழுவைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

போட்டிக் குழு என்றால் உங்கள் குளிர்காலமும் வசந்தமும் அவர்களுக்குத்தான், அதை முதலில் கணக்குப் போடுங்கள். ஐசிசிஏ என்ற கல்லூரி அக்கபெல்லா போட்டி 1996-லிருந்து நடக்கிறது. காலிறுதி, அரையிறுதி, நியூயார்க்கில் இறுதி என்று ஜனவரி பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை இழுக்கும். மேடையில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்காக அதே மூன்று நாலு பாட்டை, கை எங்கே போக வேண்டும் தலை எப்போது திரும்ப வேண்டும் என்பது உட்பட, மாதக்கணக்கில் அரைப்பார்கள். சிலருக்கு அது போதை. ஒரே பாட்டை இருநூறாவது முறை பாடும்போதுதான் உள்ளே ஏதோ திறக்கிறது என்பவர்கள் உண்டு, பொய்யில்லை. எனக்கு அது ஆகவில்லை, நாலாவது வாரமே அந்தப் பாட்டின் மீது வெறுப்பு வந்துவிடும்.

தெற்காசியக் குழு என்றால் இரண்டாந்தரம் என்று உங்கள் நண்பர்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் மசாலா 1996-ல் தொடங்கி இந்த வகைக்கே வழி போட்ட குழு, வெள்ளை மாளிகையில் 2009 தீபாவளிக்கு ஒபாமா முன்னால் பாடியவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மெய்ஸ் மிர்ச்சி இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், அப்புறம் தரத்தைப் பற்றிப் பேசலாம். (பென் மசாலா ஆண்கள் குழு. இந்த விஷயத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும், கலப்பு என்று குழுக்கள் பிரிந்திருக்கும், இப்போது பல இடங்களில் பாலினம் பார்க்காமல் குரல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள்.)

ஆனால் "நம்ம ஆட்கள்" என்பதற்காக மட்டும் அங்கே போகாதீர்கள். தெற்காசியம் என்றால் பல குழுக்களில் நடைமுறையில் ஹிந்திதான், தமிழ்ப் பாட்டு வருடத்துக்கு ஒன்று வந்தால் பெரிசு. அந்த ஒன்றையும் "உச்சரிப்பு யாருக்கும் வரவில்லை" என்று கைவிட்டுவிடுவார்கள். அதனால் அவர்களிடம் நேராகவே கேளுங்கள், போன வருடம் எத்தனை தமிழ்ப் பாட்டு பாடினீர்கள், நான் ஒன்றை அரேஞ்ச் பண்ணிக்கொண்டு வந்தால் ஒத்திகையில் எடுப்பீர்களா என்று. பதிலைவிட பதில் சொல்வதற்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள்.

இரண்டு குழுவிடமும் கேட்க வேண்டியது வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சந்தா எவ்வளவு, விடுமுறையில் ஊர் சுற்றினால் செலவு யார் தலையில், பாட்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், சோலோ எப்படி முடிவாகிறது. கூச்சப்படாதீர்கள். கூப்பிட்ட பிறகு கேள்வி கேட்பவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை, நினைத்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

என் கையில் விட்டால்? உங்கள் கடிதத்தில் முதல் குழுவுக்கு ஒரு வரி, இரண்டாவது குழுவுக்கு அவர்கள் என்ன மொழியில் பாடுகிறார்கள் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியும் போலிருக்கிறது.

கேள்வி: என் மகள் அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறாள். அக்கபெல்லா என்கிறாள், பாட்டு என்கிறாள், வாத்தியம் கிடையாது என்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ராத்திரி ஒத்திகையாம். இவ்வளவு கடன் வாங்கி அனுப்பியது பாடுவதற்கா? – ஒரு தாய், திருச்சி

அம்மா, முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1993-ல் 'திருடா திருடா' படத்தில் 'ராசாத்தி' என்று ஒரு பாட்டு வந்ததே, ஷாகுல் ஹமீது பாடியது, பின்னால் வாத்தியத்துக்குப் பதில் குரல்களே சூழ்ந்து வருமே. அந்த மாதிரிதான். உங்கள் மகள் அந்தப் பின்குரல்களில் ஒருத்தி.

மூன்று ஒத்திகை என்றால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அது குறைவான நேரம் என்று பொய் சொல்ல மாட்டேன். போட்டி நெருங்கினால் இன்னும் கூடும், வார இறுதியையும் விழுங்கும். என் மதிப்பெண் ஒரு செமஸ்டரில் அதனால் சரிந்தது, அம்மாவிடம் வேறு காரணம் சொன்னேன். (அம்மா இந்தப் பத்தியைப் படிப்பார், படிக்கட்டும்.) ஆனால் அந்த ஊரில் நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருந்த முதல் குளிர்காலத்தில், செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு நான் வரவில்லை என்றால் "எங்கே இருக்கிறாய்" என்று கேட்கப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி மாதிரி ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு வந்ததும் அவர்கள்தான். கஞ்சி நன்றாக இல்லை.

நிறுத்து என்று சொல்லாதீர்கள். சொன்னால் நிறுத்த மாட்டாள், உங்களிடம் சொல்வதை நிறுத்துவாள். கேட்க வேண்டியது இரண்டுதான். தேர்வு வாரத்தில் ஒத்திகை உண்டா என்று கேளுங்கள், நல்ல குழுக்கள் அந்த வாரம் விட்டுவிடும். அப்புறம், வெளியே போய்ப் பாடிக் காசு வாங்குகிறார்களா என்று கேளுங்கள். பொதுவாக அந்தப் பணம் குழுவின் கணக்குக்குத்தான் போகும், பஸ்ஸுக்கும் ஸ்டூடியோவுக்கும் செலவாகும். ஆனால் தனி ஆள் கையில் கொடுப்பதாக இருந்தால், மாணவர் விசாவில் இருப்பவள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. கடன், படிப்பு பற்றிய பேச்சைவிட இது அவள் காதில் ஏறும்.

கேள்வி: எம்.எஸ். படிக்கப் போகிறேன். பாட வராது. ஆறு வருடம் மிருதங்கம் வாசித்தேன், வாயால் பீட்பாக்ஸ் பண்ணுவேன். என்னை யாராவது சேர்த்துக்கொள்வார்களா?

தம்பி, குரல் நன்றாக இருக்கும் சோப்ரானோக்கள் (உச்சக் குரல் பாடும் பெண்கள்) வரிசையில் நிற்பார்கள், நல்ல பேஸும் வாயால் டிரம் வாசிக்கிறவரும் கிடைக்காமல் குழுக்கள் அலையும். எங்கள் குழுவில் அதற்கு ஆள் இல்லாமல் ஒரு வருடம் முழுக்க டிரம் இல்லாத பாட்டாகப் பார்த்துப் பார்த்துப் பாடினோம். வோக்கல் பெர்கஷன் என்று ஆடிஷன் தாளில் எழுதுங்கள். கிக், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்றும் சுத்தமாக, மூன்று நிமிஷம் வேகம் மாறாமல் பிடிக்க முடிகிறதா என்று மெட்ரனோம் வைத்துப் பாருங்கள். வேகம் மாறாமல் பிடிப்பதுதான் அங்கே வேலை, வித்தை காட்டுவது கடைசியில்தான்.

அப்புறம் கொன்னக்கோல், வாயாலேயே சொல்லும் தாளச் சொற்கள். திஸ்ரத்தில் ஒரு சின்னக் கோர்வை சொல்லி முடித்து சமத்தில் வந்து விழுங்கள், அறையே நிமிர்ந்து உட்காரும். ஆனால் ஆரம்பத்திலேயே அதை எடுக்காதீர்கள், முதலில் சாதாரண நாலு நாலு பீட்டைக் காட்டுங்கள், இல்லையென்றால் "வித்தியாசமாக இருந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்களுக்கு ஆடிஷன் கொடுத்த ஒரு பையனுக்கு இதேதான் நடந்தது, வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, இன்றைக்கும் உறுத்துகிறது.

பாட வராது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். சுருதி சேர்ந்து ஒரு வரி பாடச் சொல்வார்கள், அதை மட்டும் தயார் பண்ணுங்கள். முதுநிலை மாணவர்களை எல்லாக் குழுவும் எடுப்பதில்லை, சில இளங்கலைக்கு மட்டும். இரண்டே வருடத்தில் போய்விடுவீர்கள் என்ற தயக்கமும் இருக்கும். போகும் முன்பே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆறு குழுவுக்கு ஆடிஷன் கொடுத்தேன். ஆறும் வேண்டாம் என்றுவிட்டன. அக்கா, எனக்குப் பாட வரவில்லையா?

எந்தக் குரலில் கொடுத்தாய்? சோப்ரானோ என்றால், அந்த வருடம் ஒரு இடமோ இரண்டு இடமோதான் காலியாகியிருக்கும், அதற்கு முப்பது நாற்பது பேர் வந்திருப்பார்கள். நான் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, பீட்ஸா ஆறிப்போய், "அந்தப் பச்சைச் சட்டைப் பெண் நன்றாகப் பாடினாளே, ஆனால் நமக்கு ஆல்ட்டோதானே வேண்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருக்கிறோம். அந்தப் பச்சைச் சட்டைப் பெண் தன் அறையில் அழுதிருப்பாள் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பல கல்லூரிகளில் ஜனவரியில் இன்னொரு ஆடிஷன் உண்டு, பாதி வருடத்தில் வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களால் இடம் காலியாகும். அதற்குள் கல்லூரிக் கொயரில் சேர்ந்துவிடு, நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்வாய், மற்றவர் குரலுக்குள் உன் குரலை வைப்பதும் பழகும். ஆறு குழுவில் உனக்குப் பிடித்த ஒன்றுக்கு மட்டும் மெயில் போட்டு, எதைச் சரிசெய்தால் அடுத்த முறை உதவும் என்று கேள். பதில் வந்தால் எனக்கும் எழுது.